மாவட்டக் காலநிலை அலுவலகத்தின் வரைபடத்தில் சேரி எங்கே இருக்கிறது?

காலநிலை மாற்றம் குறித்த விவாதம் நெடுங்காலம் பன்னாட்டு மாநாடுகளிலும் தில்லி அமைச்சகங்களிலும் நடைபெற்று வந்தது. தமிழ்நாட்டில் அது அண்மை ஆண்டுகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்துள்ளது. தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனம் உருவாக்கப்பட்டு, அதன்கீழ்க் காலநிலை மாற்ற இயக்கம், பசுமைத் தமிழ்நாடு இயக்கம், ஈரநில இயக்கம் ஆகியவை செயல்பட்டு வருகின்றன. 38 மாவட்டங்களிலும் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கங்கள் அமைக்கப்பட்டுள்ளன. ஆட்சியர் அதன் இயக்குநர். மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். இவர்களுக்குத் துணையாக முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் ஓர் இளம் புத்தாய்வாளர் இரண்டாண்டுக் காலத்துக்குப் பணியமர்த்தப்படுகிறார்.

இந்தப் புதிய அமைப்பு பட்டியலின மக்களுக்கு எதைத் தரக்கூடும், எதைத் தராமல் போகக்கூடும்? மரம் நடுதல், ஈரநிலப் பாதுகாப்பு, நெகிழி ஒழிப்பு என்ற தலைப்புகளைப் பார்ப்பவர்க்கு இதில் சாதிக்கு என்ன வேலை என்று தோன்றலாம். வேலை இருக்கிறது. அது அந்த அலுவலகம் தயாரிக்கும் வரைபடத்திலும் அட்டவணையிலும் தொடங்குகிறது.

புத்தாய்வாளரின் அதிகாரம் எங்கே இருக்கிறது?

நிர்வாகப் படிநிலையில் புத்தாய்வாளருக்கு நிலையான இடம் இல்லை. அவர் நிரந்தர அரசு ஊழியர் அல்லர். ஆணை பிறப்பிக்கவோ நிதி ஒப்பளிக்கவோ அவரால் இயலாது. வனம், வேளாண்மை, நீர்வளம், ஊரக வளர்ச்சி, வருவாய் எனப் பல துறைகளிடமிருந்து தரவுகளைக் கேட்டுப் பெறுவதும், அவற்றைத் தொகுப்பதும், மாவட்டத்தின் காலநிலைச் செயல்பாடுகளுக்கு வடிவம் கொடுப்பதும், கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுவதும், களத்துக்குச் சென்று அறிக்கை தருவதும்தான் இத்தகைய பணியின் இயல்பு.

எனினும், ஆட்சியர் ஒருவர் தமது மாவட்டத்தில் எந்தப் பகுதி வெள்ளத்தால் அதிகம் பாதிக்கப்படும், எந்தப் பகுதிக்கு முதலில் பணம் செல்ல வேண்டும் என்று முடிவெடுக்கும்போது, அவர் முன் விரிக்கப்படும் அட்டவணையை இத்தகைய பணியாளரே தயாரிக்கிறார். அந்த அட்டவணையில் எவை வரிசைகள், எவை நெடுவரிசைகள் என்பது பெரும்பாலும் விவாதிக்கப்படாமலேயே தீர்மானமாகிவிடுகிறது. அட்டவணையில் இல்லாத குடியிருப்பு திட்டத்தில் வராது. திட்டத்தில் வராத குடியிருப்புக்கு நிதியும் வராது. புத்தாய்வாளரின் உண்மையான அதிகாரம் இங்கே இருக்கிறது.

கணக்கின் அலகு

காலநிலை இடர் மதிப்பீடு மூன்று கூறுகளைக் கொண்டது. வெள்ளம், வறட்சி, வெப்பம் போன்ற ஆபத்து முதலாவது. அந்த ஆபத்தின் பாதையில் யார், எது இருக்கிறது என்பது இரண்டாவது. பாதிக்கப்பட்டவர் மீண்டெழ எவ்வளவு வலுவற்றவர் என்பது மூன்றாவது. இம்மூன்றும் சேர்ந்ததே இடர். இந்தச் சூத்திரத்தில் பிழை இல்லை. எந்த அலகுக்கு இதைப் பொருத்துகிறோம் என்பதில்தான் சிக்கல் எழுகிறது.

நடைமுறையில் அந்த அலகு மாவட்டமாகவோ வட்டாரமாகவோ, மிக நுண்ணியதாகச் செய்தால் வருவாய்க் கிராமமாகவோ இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் பட்டியல் சாதி மக்கள்தொகையைக் கிராமம் அல்லது வார்டு அளவில்தான் வெளியிடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். ஆனால் ஒரு கிராமத்துக்குள் அவர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்பதை அந்த அட்டவணை சொல்லாது.

ஓர் ஊராட்சியைக் கற்பனை செய்வோம். ஊர்த்தெரு மேட்டில் இருக்கிறது. அரை கிலோமீட்டர் தள்ளி, ஏரியின் கலிங்கலிலிருந்து உபரிநீர் வெளியேறும் ஓடையை ஒட்டிச் சேரி இருக்கிறது. பெருமழையில் ஊர்த்தெருவில் கணுக்கால் அளவு நீர் தேங்கும்போது சேரியில் இடுப்பளவு நிற்கிறது. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்தக் கிராமம் 'நடுத்தர இடர்' என்ற நிறத்தில் வரைபடத்தில் தோன்றும். ஊர்த்தெருவுக்கு அது மிகையான மதிப்பீடு. சேரிக்கு அது உயிரைப் பறிக்கும் குறைமதிப்பீடு. சராசரி எடுக்கப்பட்ட அந்தக் கணத்தில் சாதி வரைபடத்திலிருந்து மறைந்துவிடுகிறது.

மேலிருந்து வரும் வழிகாட்டுதல்களும் இந்தக் குறையை ஈடுசெய்வதில்லை. ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2021-இல் வெளியிட்ட நாடு தழுவிய காலநிலைப் பாதிப்புநிலை மதிப்பீடு, மாநிலங்களை ஒப்பிட 14 குறியீடுகளைப் பயன்படுத்தியது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர், சிறு குறு நிலவுடைமை, மானாவாரிப் பரப்பு, பெண்களின் உழைப்புப் பங்கேற்பு, சுகாதாரப் பணியாளர் அடர்த்தி போன்றவை அவற்றுள் அடங்கும். சாதி அவற்றுள் ஒன்று அன்று. நிலமே இல்லாத விவசாயக் கூலியை, சிறு குறு நிலவுடைமைக் குறியீடு எவ்வாறு அளக்கும்? அது அளப்பதில்லை.

வெப்ப அலைத் திட்டங்களின் நிலையும் இதுவே. கொள்கை ஆய்வு மையம் 18 மாநிலங்களின் 37 வெப்பச் செயல்திட்டங்களை ஆய்ந்து 2023-இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் இரண்டு மட்டுமே யார் அதிகம் பாதிக்கப்படுவர் என்ற மதிப்பீட்டை மேற்கொண்டிருந்தன.

பேரிடர்கள் காட்டிய உண்மை

இயற்கைக்குச் சாதி தெரியாது என்பது அடிக்கடி சொல்லப்படும் வாதம். இயற்கைக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அது தாக்கும் நிலத்தைச் சாதிதான் பங்கிட்டு வைத்திருக்கிறது.

2004 ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினம் முதலான கடலோரப் பகுதிகளில் இழப்பு என்பது பெரும்பாலும் படகு, வலை, கடற்கரை வீடு ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்பட்டது. உப்புநீர் புகுந்த வயல்களில் வேலை இழந்த தலித் கூலித் தொழிலாளர்களின் இழப்பு அந்தக் கணக்கில் எளிதில் அடங்கவில்லை. முகாம்களிலும் குடிநீர் விநியோகத்திலும் அவர்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே ஆவணப்படுத்தின.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அரசு ஒரு தென்னைக்கு, அகற்றும் செலவையும் சேர்த்து, 1,100 ரூபாய் இழப்பீடு அறிவித்தது. அது நிலத்தின் உரிமையாளருக்குச் சேர வேண்டியது, அதில் தவறில்லை. ஆனால் அத்தோப்புகளில் தேங்காய் பறித்தும் மட்டை உரித்தும் கீற்று முடைந்தும் வாழ்ந்தவர்களுக்கு ஒரு தென்னை என்பது பல ஆண்டுக் கூலி. அதற்கு அட்டவணையில் நெடுவரிசை இல்லை.

2015 சென்னைப் பெருவெள்ளத்துக்குப் பிறகு நகரைத் தூய்மைப்படுத்தப் பிற மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் அழைத்து வரப்பட்டனர். வெள்ளத்தில் எவர் மூழ்கினாலும், வடிந்த பின் மிஞ்சும் கழிவை அள்ளும் உழைப்பு எந்தச் சமூகத்தின் தலையில் விழுகிறது என்பதை நாம் அறிவோம். காலநிலைத் திட்டங்கள் 'மீட்புப் பணி' என்று ஒரு சொல்லில் கடந்து செல்லும் இடம் இது.

வெப்பத்தின் கதை இன்னும் அமைதியானது. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், அரசின் உழைப்புக் கணக்கெடுப்பையும் செயற்கைக்கோள் வெப்பநிலைத் தரவையும் இணைத்து ஆய்ந்தனர். பட்டியல் சாதி, பழங்குடித் தொழிலாளர்கள் வேலை நேரத்தில் வெயிலுக்கு ஆட்படும் அளவு பிறரைவிடக் கூடுதலாக இருப்பதை அவர்கள் காட்டினர். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவிக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் நிவாரணம் பெற, இறப்பு வெப்பத்தால் நேர்ந்தது என்று நிறுவ வேண்டும். செங்கல் சூளையிலோ கரும்புத் தோட்டத்திலோ மயங்கி விழுந்து இறந்தவர், மாலைக்குள் பிணக்கூறாய்வு இன்றி அடக்கம் செய்யப்பட்டால், அந்த நிவாரணம் காகிதத்திலேயே நின்றுவிடும்.

தீர்வுகளுக்கும் நிலம் வேண்டும்

காலநிலை அலுவலகம் பாதிப்பைக் கணக்கிடுவதோடு நின்றுவிடுவதில்லை, தீர்வுகளையும் முன்வைக்கிறது. தீர்வுகளுக்கு நிலம் தேவை. பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு, மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது. இதற்கான மரங்கள் எங்கே நடப்படும்? சூரிய மின்பூங்காக்கள் எங்கே அமையும்? ஆவணத்தில் 'தரிசு', 'புறம்போக்கு', 'பயன்பாடற்ற நிலம்' என்று இருப்பவையே முதலில் கண்ணில் படும்.

அந்த நிலங்களில் ஆடு மேய்ப்போர், விறகு பொறுக்குவோர், பட்டா கிடைக்காமல் தலைமுறைகளாகக் குடியிருப்போர் யார் என்று கேட்டால் விடை தெரிந்ததே. பஞ்சமி நிலங்களின் வரலாறும் இங்கே நினைவுகூரத்தக்கது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையுடன் வழங்கப்பட்ட அந்நிலங்கள் பெருமளவில் பிறர் கைக்குச் சென்றன. அவற்றை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994-இல் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இன்று ஒரு நிலம் தரிசாகக் கிடக்கிறது என்பதால் அது உரிமையாளரற்ற நிலம் ஆகிவிடாது. 'அ' பதிவேட்டைப் பாராமல் செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்து நடவுக்கு இடம் தேர்ந்தெடுக்கும் புத்தாய்வாளர், தாம் அறியாமலேயே ஒரு பழைய அநீதிக்குப் பச்சை நிறம் பூசிவிடக்கூடும்.

நகரத்தில் இதன் வடிவம் வேறு. சென்னையில் நீர்நிலைக் கரைகளில் வாழ்ந்தோர் 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனத் தென்புறத்தில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் தலித் மக்கள். வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அப்புறப்படுத்தப்பட்டவர்கள் சென்று சேர்ந்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் சுற்றுவட்டாரம். அச்சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் தகுதி பெற்றது. இனி அதன் பாதுகாப்பின் பெயரால் மீண்டும் ஓர் அப்புறப்படுத்தல் தொடங்குமோ என்ற அச்சம் அங்குள்ளவர்களுக்கு இருப்பின், அதைக் காலநிலை அறிவு போதாமை என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது. அதே 2022-இல் சென்னை மாநகராட்சியின் காலநிலைச் செயல்திட்ட வரைவு ஆங்கிலத்தில் மட்டும் வெளியிடப்பட்டுக் கருத்துக் கேட்கப்பட்டதும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கவை. தம் வீட்டைப் பற்றிய முடிவைத் தம் மொழியில் படிக்க முடியாதவரிடம் கருத்துக் கேட்பது வெறும் சடங்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

குடியிருப்பு அளவில் சாதியைக் கணக்கில் கொள்வது புத்தாய்வாளரின் நல்லெண்ணத்தைப் பொறுத்த செயல் என்று கருத வேண்டியதில்லை. அதற்குச் சட்ட அடிப்படை உண்டு.

முதலாவது, பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. அதன் 61-ஆவது பிரிவு, இழப்பீடும் நிவாரணமும் வழங்குவதில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. 31-ஆவது பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. யார் எங்கே வாழ்கிறார்கள் என்ற பதிவே இல்லாதபோது, பாகுபாடு நிகழ்ந்ததா இல்லையா என்பதை எவ்வாறு அறிவது? நிவாரணம் மறுக்கப்பட்டோருக்காக நீதிமன்றம் செல்லும் வழக்கறிஞர் முதலில் எதிர்கொள்ளும் சுவர் இதுதான். அரசுத் தரப்பு கணக்கெடுப்புப் பட்டியலை நீட்டும். பட்டியலில் அந்தத் தெரு இராது.

இரண்டாவது, பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம். 2015 திருத்தத்துக்குப் பின் அதன் 3(1)(ஜி) பிரிவு, பட்டியலின மக்களைச் சட்டத்துக்குப் புறம்பாக நிலத்திலிருந்து வெளியேற்றுவதையும் நிலம், நீர் ஆகியவற்றின் மீதான அவர்களின் உரிமைகளில் குறுக்கிடுவதையும் குற்றமாக்குகிறது. பொதுச் சொத்து வளங்களையும், ஆறு, ஓடை, கிணறு, குளம், குடிநீர்க் குழாய் ஆகியவற்றையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பது அதே சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவின்கீழ்க் குற்றம். வறட்சிக் காலத்தில் ஏரி நீரும் பொதுக்கிணறும் யாருக்கு முதலில் என்ற கேள்வி எழும்போது இப்பிரிவு நேரடியாகப் பொருந்தும்.

மூன்றாவது, உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில் 2024 மார்ச் 21 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு, கானமயிலின் வாழிடத்தில் செல்லும் மின்தடங்களைப் பற்றியது. எனினும் அதில் நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளுக்கு எதிரான உரிமையை அரசமைப்பின் 14, 21 ஆகிய உறுப்புகளின்கீழ் ஏற்றுக்கொண்டது. இங்கே 14-ஆவது உறுப்பு முக்கியமானது. வாழும் உரிமையோடு சமத்துவ உரிமையும் சேர்க்கப்பட்டிருப்பதால், காலநிலைப் பாதிப்பு எல்லோருக்கும் ஒன்றுபோல் நேர்வதில்லை என்பது இனி சட்டம் அறிந்த உண்மை.

நான்காவது, நிதி. 1979 முதல் சிறப்புக் கூறுத் திட்டம் என்ற பெயரிலும் பின்னர்த் துணைத்திட்டம் என்ற பெயரிலும் வந்த ஒதுக்கீட்டுக்கு, தமிழ்நாடு 2024-இல் தனிச் சட்டம் இயற்றியது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப வளர்ச்சி நிதியை ஒதுக்குவது அதன் நோக்கம். காலநிலைத் திட்டங்களில் செலவாகும் பணத்தையும் அந்த அளவுகோலால் அளக்கக் கோர வேண்டும்.

ஐந்தாவது, உள்ளாட்சி. அரசமைப்பின் பதினோராவது அட்டவணை ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களில் மண்வளப் பாதுகாப்பு, சமூகக் காடு வளர்ப்பு, குடிநீர், மரபுசாரா எரிசக்தி, பட்டியல் சாதி பழங்குடி மக்களின் நலன் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. ஆனால் மாவட்டக் காலநிலை இயக்கம் ஆட்சியரையும் வனத்துறையையும் மையமாகக் கொண்டது. இடஒதுக்கீட்டின் வழியே தலித் மக்கள், குறிப்பாகத் தலித் பெண்கள், தலைவர்களாக அமரும் அதிகார இடமான ஊராட்சி அதன் விளிம்பில் நிற்கிறது. 2025 சனவரியில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோது அந்த விளிம்பு இன்னும் மெலிந்தது.

ஒரு புத்தாய்வாளர் செய்யக்கூடியவை

இரண்டாண்டுப் பணிக்காலத்தில், புதிய நிதியோ அரசாணையோ இன்றிச் செய்யக்கூடியவை சில உள்ளன.

முதற்பணி, குடியிருப்புகளின் பட்டியல். இதற்கான மூலங்கள் அரசிடமே உள்ளன. பழைய நில அளவைப் பதிவேடுகளில் சேரி நத்தம் தனியே குறிக்கப்பட்டிருக்கும். 1978-ஆம் ஆண்டின் ஆதிதிராவிடர் நல நில எடுப்புச் சட்டத்தின்கீழ் வீட்டுமனைக்காக எடுக்கப்பட்ட நிலங்களின் புல எண்கள் ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர் அலுவலகங்களின் கோப்புகளில் இருக்க வேண்டும். குடிநீர்த் திட்டத் தரவுகள் குக்கிராம அளவில் பட்டியல் சாதி மக்கள்தொகையைப் பதிந்துள்ளன. இவற்றை வெள்ளப் பாதை, நில உயரம், ஏரி உபரிநீர் ஓடை ஆகியவற்றின் வரைபடத்தின் மேல் பொருத்தினால் போதும். வீட்டுமனைக்கென வாங்கப்பட்ட நிலம் எத்தனை இடங்களில் தாழ்ந்த, மலிவான நிலமாக இருந்தது என்பதும் அப்போது வெளிப்படும்.

இப்பணிக்கு ஓர் அவசரம் உண்டு. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வசைச்சொல்லாக மாறிய ஒரு பெயர் மறைவது நியாயமே. ஆனால் பெயர் மாறியபின் அந்தக் குடியிருப்பை ஆவணத்தில் அடையாளம் காணும் வழியும் மறைந்துவிட்டால், இழிவு நீங்கும்போதே உரிமைக்கான சான்றும் நீங்கிவிடும். பெயர்ப்பலகையில் இல்லாமல், திட்டமிடலுக்கான தரவில் மட்டும் அக்குறிப்பு தொடர வேண்டும்.

இரண்டாவது, களப்பயணத்தின் வழி. ஊராட்சித் தலைவரோ கிராம நிர்வாக அலுவலரோ அழைத்துச் செல்லும் பயணம் பெரும்பாலும் ஊர்த்தெருவோடு முடிந்துவிடும். கருத்துக் கேட்புக் கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தால் சேரி மக்கள் வாசலுக்கு வெளியே நிற்பர், அல்லது வரவே மாட்டார்கள். எனவே கூட்டத்தைச் சேரியிலேயே, கூலி வேலை முடிந்த மாலைப் பொழுதில், தமிழில் நடத்த வேண்டும். எந்தத் தெருவில் எந்த ஆண்டு எந்த அளவுக்கு நீர் நின்றது என்பதை அங்குள்ள முதிய பெண்கள் சுவரில் கைவைத்துக் காட்டுவர். அந்த உயரத்தை எந்தச் செயற்கைக்கோளும் அளப்பதில்லை.

மூன்றாவது, இழப்பின் வரையறை. வீடு, பயிர், கால்நடை என்ற வழக்கமான தலைப்புகளோடு இழந்த கூலி நாட்கள், திறந்தவெளி உழைப்பு நேரம், புகலிடத்துக்குச் செல்லும் பாதை யாருடைய தெரு வழியே செல்கிறது என்பன போன்றவையும் மதிப்பீட்டில் சேர வேண்டும். புகலிடம் ஊர் நடுவில் இருந்து, அங்கே சேரி மக்கள் நுழைய இயலாதெனில், அவர்களைப் பொறுத்தவரை அந்த ஊராட்சியில் புகலிடம் இல்லை என்றே பதிவு செய்ய வேண்டும்.

நான்காவது, நிலம். மரநடவுக்கோ எரிசக்தித் திட்டத்துக்கோ பரிந்துரைக்கப்படும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் பஞ்சமி நிலமா, நிபந்தனைப் பட்டாவா, மேய்ச்சலுக்கும் குடியிருப்புக்கும் பயன்படுகிறதா என்ற சரிபார்ப்புக் குறிப்பு இணைக்கப்பட வேண்டும். இக்குறிப்பு கோப்பில் இருந்தால் எதிர்காலத்தில் எவரும் அறியாமையைக் காரணம் காட்ட முடியாது.

இவை நடக்க, அந்த இருக்கையில் யார் அமர்கிறார் என்பதும் முக்கியம். சேரியில் பிறந்து அறிவியலோ திட்டமிடலோ சட்டமோ படித்த இளைஞர்கள் இன்று எல்லா மாவட்டங்களிலும் உள்ளனர். தற்காலிகப் பணி, ஒப்பந்தப் பணி என்ற பெயரால் இடஒதுக்கீடு நழுவிப் போக அனுமதிக்கலாகாது. 18 விழுக்காடும், அதனுள் அருந்ததியருக்கான 3 விழுக்காடும், பழங்குடியினருக்கான 1 விழுக்காடும் இத்தகைய நியமனங்களிலும் உறுதி செய்யப்பட வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

புத்தாய்வாளர் இரண்டாண்டில் சென்றுவிடுவார், ஆட்சியர் மாறுவார். கேள்வி கேட்கும் மக்கள் மட்டுமே நிலையானவர்கள். எனவே இதை அலுவலகத்தின் பொறுப்பில் மட்டும் விட்டுவிட இயலாது.

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பலாம். மாவட்டக் காலநிலைத் திட்ட ஆவணத்தின் தமிழ்ப் பிரதி, இடர் மதிப்பீட்டில் பயன்படுத்தப்பட்ட குறியீடுகளின் பட்டியல், மரநடவு செய்யப்பட்ட புல எண்கள், புத்தாய்வாளர் தேர்வில் பின்பற்றப்பட்ட இடஒதுக்கீட்டு முறை ஆகியவற்றைக் கேட்கலாம். மாநிலப் பேரிடர் மேலாண்மை அமைப்பு வெள்ளப் பாதிப்புக்குரியவையாக அடையாளம் கண்டுள்ள இடங்கள் 4,133 என்பது ஆண்டுதோறும் பருவமழை முன்னேற்பாட்டு அறிவிப்புகளில் சொல்லப்பட்டு வந்த எண்ணிக்கை. நம் மாவட்டத்தில் அவை எவை, அவற்றுள் எத்தனை ஆதிதிராவிடர் குடியிருப்புகள் என்ற ஒற்றைக் கேள்வியே அலுவலகத்தை அந்தக் கணக்கை எடுக்கத் தூண்டும். மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அதுபற்றிய உண்மைகளைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்று அச்சட்டத்தின் 4(1)(சி) பிரிவு அரசு அலுவலகங்களைக் கட்டாயப்படுத்துகிறது என்பதையும் விண்ணப்பத்தில் சுட்டிக்காட்டலாம்.

கிராம சபை இன்னொரு களம். தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் அது கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். சேரியின் வடிகால், புகலிடப் பாதை, மேல்நிலைத் தொட்டியின் நிலை ஆகியவற்றைத் தீர்மானமாக்கி, அதன் நகலை மாவட்டக் காலநிலை அலுவலருக்கு அனுப்ப அந்நாள் ஏற்றது. தீர்மானம் நிறைவேற்ற மறுக்கப்பட்டால், மறுக்கப்பட்டது என்பதே ஓர் ஆவணம். அதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்த புயல் வரும்போது, யார் எங்கே வாழ்ந்தார்கள், எவ்வளவு நீர் நின்றது, யாருக்கு எது கிடைத்தது என்ற கேள்விகள் நீதிமன்றத்தில் எழும். அன்று நம் கையில் இருக்க வேண்டிய சான்றுகள் இன்று எழுதப்படும் அட்டவணைகளில்தான் உருவாகின்றன. மழை தொடங்குமுன் மாவட்டக் காலநிலை அலுவலகத்துக்குச் சென்று வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் தெரு அதில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இல்லையெனில், சேர்க்கக் கோரும் மனுவை அன்றே கொடுத்து ஒப்புகைச் சீட்டைப் பெற்று வாருங்கள்.